படம் முடிந்தபின் ஒரு கேள்வி

ஞாயிறு இரவு. குடும்பச் செபம் முடிந்து, உணவும் முடிந்து, இல்லத்தார் அனைவரும் கூடத்தில் ஒன்றாக அமர்ந்து ஒரு திரைப்படத்தைப் பார்த்து முடிக்கின்றனர். "படம் எப்படி?" என்று தந்தை கேட்கிறார். "பரவாயில்லை, ஐந்துக்கு மூன்று" என்கிறாள் மகள். "இரண்டுக்கு மேல் தர முடியாது" என்கிறான் மகன். "எனக்குப் பிடித்திருந்தது" என்கிறார் தாய். அவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் சிரிப்பும் கண்ணீருமாகக் கண்ட ஒரு கதை மூன்று விடைகளில் அடங்கிவிடுகிறது. அவரவர் தம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகின்றனர்.

இக்காட்சி நம் பங்குக் குடும்பங்கள் எதற்கும் புதியதன்று. திரைப்படம் பார்ப்பது தீதா நன்றா என்னும் பழைய வழக்கை மீண்டும் எடுப்பது நம் நோக்கமன்று. பார்த்து முடித்தபின் நம் இல்லங்களில் என்ன பேசப்படுகிறது என்பதைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம். ஏனெனில், பார்த்த படத்தைப் பற்றிய பேச்சில் மனிதன் தன்னைப் பற்றியே பேசிவிடுகிறான். அதைக் கேட்கும் செவி வீட்டில் இருக்கிறதா என்பதே கேள்வி.

மக்கள் தந்த தீர்ப்பு

படத்திற்குத் தீர்ப்பு வழங்கும் வழக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. ஞானசௌந்தரியின் கதையை நம் மூத்தோர் நன்கறிவர். சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரு கைகளையும் இழந்து காட்டில் கைவிடப்பட்ட இளவரசி, தேவமாதாவின் அருளால் அவற்றை மீண்டும் பெறும் கதை அது. நாடக மேடைகளில் நெடுங்காலம் நடிக்கப்பட்ட இக்கதையை 1948ஆம் ஆண்டு இரு நிறுவனங்கள் ஒரே சமயத்தில் படமாக்கின. ஒன்று, டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் நிறுவனத்தின் படம். மற்றொன்று, அதே ஆண்டில் 'சந்திரலேகா'வை வெளியிட்டு நாடெங்கும் புகழ்பெற்ற எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனத்தின் படம். பணமும் பெயரும் ஜெமினியின் பக்கமே இருந்தன. ஆயினும் மக்கள் இரண்டையும் பார்த்து, ஒப்பிட்டு, தங்களுக்குள் பேசி, சிட்டாடலின் படத்தையே ஏற்றுக்கொண்டனர். வாசன் அவர்கள் தம் படத்தைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அன்று எவரும் நட்சத்திரம் இடவில்லை. ஆற்றங்கரையிலும் தேநீர்க் கடையிலும், கோயில் முற்றத்திலும்கூட, 'அந்தப் படத்தில் தேவமாதாவை வேண்டும் பாட்டைக் கேட்டாயா? சிறுமியாக ஜிக்கி பாடத் தொடங்கி, வளர்ந்தவளாகப் பெரியநாயகி பாடி முடிக்கிறார்' என்று ஒருவர்க்கொருவர் எடுத்துச் சொன்னார்கள். அத்தீர்ப்பில் காரணம் இருந்தது. காரணம் சொல்லப்பட்டதால் கேட்டவரும் தம் கருத்தைச் சொல்ல இடம் இருந்தது.

பின்னர் இதழ்கள் மதிப்பெண் இடத் தொடங்கின. 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்திற்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62.5 மதிப்பெண் வழங்கியதைத் திரை ஆர்வலர் இன்றும் நினைவுகூர்வதுண்டு. ஆனால் அம்மதிப்பெண் ஒரு விமர்சனத்தின் அடியில் நின்றது. வாசகர் முதலில் காரணத்தைப் படித்தனர். பிறகே எண்ணைக் கண்டனர்.

1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின் வந்த ஆண்டுகளையும் நினைத்துப் பார்ப்போம். தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். பத்து வீட்டார் அதன்முன் அமர்ந்திருப்பர். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றிய பேச்சே. இன்றோ ஒரே வீட்டில் நான்கு திரைகள். தந்தை ஒன்றைப் பார்க்கிறார். மகன் செவிக்கருவி அணிந்து வேறொன்றைப் பார்க்கிறான். பேசுவதற்குப் பொதுவான கதையே இல்லாத நிலை மெல்ல மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது.

எண் எதைச் சொல்கிறது?

இன்று ஒரு படத்தைப் பார்க்குமுன் அதன் எண்ணைப் பார்ப்பது இளையோரின் இயல்பாகிவிட்டது. இந்த எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

1990இல் தொடங்கிய ஐஎம்டிபி என்னும் திரைத் தகவல் களஞ்சியத்தில், பார்வையாளர் ஒவ்வொருவரும் ஒன்று முதல் பத்துவரை மதிப்பிடலாம். அங்குக் காணப்படும் எண் நேரான கூட்டல் வகுத்தலால் வருவதன்று. வாக்குகளுக்கு வெவ்வேறு எடை தந்து கணிக்கப்படுவது. 1998இல் தோன்றிய 'ராட்டன் டொமேட்டோஸ்' காட்டும் விழுக்காடோ முற்றிலும் வேறு பொருள் உடையது. விமர்சகர்களில் எத்தனை பேர் படத்தை ஏற்கத்தக்கது என்றனர் என்பதையே அது காட்டுகிறது. அனைவரும் 'பரவாயில்லை' என்று மட்டும் சொன்ன ஒரு படமும் அங்கு நூறு விழுக்காடு பெறலாம். நூறு என்பதைக் கண்டு 'ஒப்பற்ற படம்' என்று எண்ணுவோர் ஏமாந்துபோவர்.

சராசரிக்கும் ஒரு குறையுண்டு. இருவர் ஆளுக்கு மூன்று நட்சத்திரம் தந்தாலும் சராசரி மூன்று. ஒருவர் ஐந்தும் மற்றவர் ஒன்றும் தந்தாலும் சராசரி மூன்றே. முதல் படம் எவரையும் தொடவில்லை. இரண்டாவதோ ஒருவரை உருக்கி, மற்றவரைக் கொதிக்க வைத்திருக்கிறது. எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

மற்றொரு செய்தி நம் மனச்சான்றையே தொடுவது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017இல் ஐந்து நட்சத்திர முறையைக் கைவிட்டு, கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டும் முறைக்கு மாறியது. மக்கள் ஆழமான ஆவணப்படங்களுக்கு நிறைய நட்சத்திரம் இடுகின்றனர்; ஆனால் மாலையில் வந்து அமர்ந்ததும் மீண்டும் மீண்டும் பார்ப்பது குறைந்த நட்சத்திரம் பெற்ற எளிய நகைச்சுவைப் படங்களையே என்பது அந்நிறுவனம் கண்ட உண்மைகளுள் ஒன்று. நாம் புகழ்வது ஒன்று, நாடுவது மற்றொன்று! ஆன்ம சோதனை செய்யும்போது இதை நாம் எண்ணிப் பார்க்கத்தகும் அன்றோ?

அரசின் சான்றிதழும் நமக்கு உதவுவதே. 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி, பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கவேண்டிய படங்கள் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்னும் வயதுகளின் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆனால் அச்சான்றிதழ் வாயிற்காவலன் போன்றது. யார் உள்ளே செல்லலாம் என்பதை மட்டுமே அது சொல்லும். உள்ளே சென்ற பிள்ளை எதை ஏந்தி வெளியே வந்தது என்பதை வீட்டில் உள்ளோர்தாம் கேட்டறிய வேண்டும்.

திருச்சபை கற்றுத் தந்த பாடம்

படங்களைத் தரம் பிரிக்கும் முயற்சியில் திருச்சபைக்கு நீண்ட அனுபவம் உண்டு. அமெரிக்க ஆயர்களின் முயற்சியால் 1934இல் எழுந்த கண்ணிய அணி, படங்களை ஏ, பி, சி என வகைப்படுத்தியது. 'சி' என்றால் கண்டிக்கப்பட்ட படம். தீய படங்களைப் பார்ப்பதில்லை என இலட்சக்கணக்கான கத்தோலிக்கர் வாக்குறுதி அளித்தனர். 1936இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படம் பற்றி எழுதிய சுற்றுமடலில் அம்முயற்சியைப் பாராட்டி, ஒவ்வொரு நாட்டிலும் படங்களை ஆய்ந்து மக்களுக்கு அறிவிக்கும் அலுவலகம் அமையவேண்டும் என்றார். 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வானொலியையும் தொலைக்காட்சியையும் சேர்த்து மற்றொரு சுற்றுமடல் வரைந்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடு, தேர்ந்து பார்க்கும் பொறுப்பைப் பார்வையாளரின் மனச்சான்றிடமே ஒப்படைத்தது. பிள்ளைகளுக்கு வழிகாட்டும் கடமையைப் பெற்றோருக்கு நினைவூட்டியது. அவ்வேட்டின் பயனாகவே 1967 முதல் உலக சமூகத் தொடர்பு நாளை நாம் ஆண்டுதோறும் கொண்டாடி வருகிறோம். பட்டியலை மட்டும் நம்பியிருந்த காலம் மாறி, பார்த்து ஆராயக் கற்கும் காலம் வந்தது எனலாம்.

இம்மாற்றத்தை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1948இல் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டெ சிக்கா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்னும் படம், பிழைப்புக்கு வேண்டிய மிதிவண்டியைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தொழிலாளியும் அவன் சிறுமகனும் உரோமை நகரத் தெருக்களில் அதைத் தேடி அலையும் கதை. அது அமெரிக்காவிற்கு வந்தபோது, ஹாலிவுட்டின் ஒழுக்க நெறி அலுவலகம் இரு சிறு காட்சிகளைக் காட்டி ஒப்புதல் முத்திரை தர மறுத்தது. அவ்வலுவலகத்தின் தலைவர் ஜோசப் பிரீன் ஒரு கத்தோலிக்கர். ஆண்டுகள் உருண்டன. 1995இல் திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், மனித மதிப்பீடுகள், கலை என்னும் மூன்று பிரிவுகளில், இரண்டாம் பிரிவில் 'சைக்கிள் திருடர்கள்' இடம்பெற்றது.

முன்னவர் இரு காட்சிகளைக் கண்டனர். பின்னவர் முழுப் படத்தையும் கண்டனர். மானம் இழந்து கூட்டத்தின் நடுவே நிற்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்ளும் அந்த இறுதிக் காட்சியை ஒருமுறை பார்த்தவர், பிள்ளைகளின் முன் பெற்றோர் எவ்வளவு எளியவர் என்பதை மறக்கமாட்டார்.

நம் இல்லத்தில் நிகழ்ந்தது

இவ்வளவும் எழுதுகின்ற நாமே நம் வீட்டில் தவறிய கதையையும் சொல்லிவிடுவது நேர்மை.

சில ஆண்டுகளுக்குமுன், பள்ளி இறுதி வகுப்பை எட்டாத வயதில் இருந்த நம் மகன் ஒரு பழிவாங்கும் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, 'ஐந்துக்கு ஐந்து' என்றான். வெட்டும் குத்தும் நிறைந்த படம் அது. "இதெல்லாம் ஒரு படமா? இதற்கா ஐந்து?" என்று நாம் சினந்தோம். ஞாயிறு மறைக்கல்விக்குப் போகும் பிள்ளை பேசும் பேச்சா இது என்றும் கேட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் எந்தப் படத்தைப் பற்றியும் நம்மிடம் அவன் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கத் தொடங்கினான். நாம் சொன்னது சரியே என்ற நிறைவில் மாதங்கள் சில கழிந்தன.

பின்னர் ஒரு விடுமுறை நாளில் 'கடைசி விவசாயி' படத்தை அனைவரும் ஒன்றாகப் பார்க்க நேர்ந்தது. மணிகண்டன் இயக்கி 2022இல் வெளிவந்த படம். ஊரின் குலதெய்வ வழிபாட்டிற்குப் புது நெல் வேண்டும். அதை விளைவிக்க ஊரில் எஞ்சியுள்ள ஒரே உழவர் முதியவர் மாயாண்டி. இறந்து கிடந்த மயில்களைப் புதைத்த அவரை, மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்கில் சிறைப்படுத்துகின்றனர். உண்மை உணர்ந்த பெண் நீதிபதி, அவர் திரும்பும்வரை பயிருக்கு நீர் பாய்ச்சும் பொறுப்பைக் காவலரிடமே ஒப்படைக்கிறார். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி அவர்கள் படம் வெளிவருமுன்னே இறந்துவிட்டார். தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பு அவர் மறைவுக்குப் பின்னரே கிடைத்தது.

படம் முடிந்ததும் நம் மகன், "இரண்டு" என்று சொல்லிவிட்டு எழுந்தான். நாம் வாய் திறக்குமுன் பாட்டி கேட்டார்: "ஏன் ராசா ரெண்டு? எனக்கு எங்க அப்பாவையே பார்த்த மாதிரி இருந்துச்சு. உனக்கு எது பிடிக்கல?"

சிறிது நேரம் நின்றான். "அந்தத் தாத்தா மேல பொய்க் கேஸ் போடுறாங்க பாட்டி. அவரு கோபமே படல. சும்மா நிக்கிறாரு. எனக்கு அது பிடிக்கல" என்றான்.

"அவரு கோபப்படணும்னு உனக்கு ஏன் இவ்வளவு வேகம்? உன்னை யாரும் எதுவும் சொன்னாங்களா?"

அன்று இரவுதான் நமக்குத் தெரியவந்தது. வகுப்பில் சில மாணவர் அவனை மாதக்கணக்கில் ஏளனம் செய்து வந்திருக்கின்றனர். பழிவாங்கும் படத்திற்கு அவன் தந்த ஐந்து நட்சத்திரமும் வெட்டுக்கும் குத்துக்கும் தந்தவை அல்ல. அவமானப்பட்டவன் ஒருவன் நிமிர்ந்து நிற்பதை அவன் அப்படத்தில் கண்டிருக்கிறான். தன் துன்பத்தை அவன் ஓர் எண்ணாக நம்மிடம் சொன்னான். நாமோ அந்த எண்ணைத் திருத்துவதில் முனைந்தோம்.

மறுவாரம் பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் பேசினோம். எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. ஆனால் வீட்டில் அவன் மீண்டும் பேசத் தொடங்கினான். 'கடைசி விவசாயி'க்கு அவன் தந்த மதிப்பு இன்றும் இரண்டுதான்! அதைப் பற்றிப் பாட்டிக்கும் அவனுக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை.

காப்பாற்றிக் கேட்டல்

பாட்டி செய்ததைத் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலின் தொடக்கத்திலேயே புனித லொயோலா இஞ்ஞாசியார் விதியாகக் கூறியுள்ளார். பிறர் கூற்றைக் கண்டிக்க விரைவதைவிட, அதற்கு நல்ல பொருள் கொள்ள முயலவேண்டும். இயலாவிடில் அவர் அதை எப்பொருளில் சொன்னார் என்று கேட்கவேண்டும். தவறாயின் அன்புடன் திருத்தவேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. கேட்பது முன்னே, திருத்துவது பின்னே. நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கினோம்.

படம் எடுத்தவருக்கும் இவ்விதி பொருந்தும். முழுப் படத்தையும் பார்க்காமலே முதற்காட்சி முடியுமுன் ஒரு நட்சத்திரம் இடுவதும், தமக்குப் பிடிக்காத நடிகரின் படம் என்பதற்காகவே தாழ்த்தி மதிப்பிடுமாறு நண்பரைத் தூண்டுவதும், அபிமான நடிகரின் படத்தைப் பாராமலே பத்துக்குப் பத்து இடுவதும் இன்று விளையாட்டாகக் கருதப்படுகின்றன. காணாததைக் கண்டதாகச் சொல்வது சான்று ஆகாது. எட்டாம் கட்டளை நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று என்பதை நம் இளைஞர்க்கு எடுத்துச் சொல்வோம். ஒரு படத்தின் பின்னால் நூற்றுக்கணக்கான தொழிலாளரின் உழைப்பு உள்ளது. குறையை மறைக்கவேண்டியதில்லை, ஆனால் பார்த்தவர் மட்டுமே, பார்த்ததை மட்டுமே சொல்லட்டும்.

இனி, இல்லங்களில் இதை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது? இளந் தொழிலாளர்க்காக உழைத்த பெல்ஜிய நாட்டுக் கர்தினால் கார்டைன் அவர்கள் வகுத்த பார்த்தல், தீர்மானித்தல், செயற்படல் என்னும் மூன்று படிகளை நம் மாணவர் இயக்கங்களில் பயின்றோர் அறிவர். 1961இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பரும் தம் சுற்றுமடலில் இம்மூன்றையும் எடுத்துரைத்தார். அவற்றைப் படத்திற்கும் பயன்படுத்தலாம்.

முதலில், எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். சிறியவர் முதலில் சொல்லட்டும். பெரியவர் முதலில் பேசினால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வர். அடுத்து, படத்தில் யாருக்கு நீதி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, எவரைப் பார்த்துச் சிரிக்கும்படி நம்மைச் செய்தனர், அது சரியா என்று ஆராயலாம். பெண்களையும் ஏழைகளையும் உடற்குறை உள்ளோரையும் படம் எவ்வாறு காட்டியது என்பதும் கேட்கத்தக்கதே. இறுதியாக, நாளை நாம் வேறுவிதமாக நடந்துகொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா என்று எண்ணலாம். எல்லாப் படமும் இதற்கு இடம் தரும் என்பதில்லை. வெறுமனே சிரித்து மகிழ்ந்தோம் என்பதும் நல்ல விடையே. அதற்காக நன்றி கூறலாம்.

இவ்வளவும் பேசியபின் நட்சத்திரம் இடுவதில் தவறேதும் இல்லை. தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் புனித பவுல் அனைத்தையும் சோதித்தறிந்து நல்லதைப் பற்றிக்கொள்ளக் கற்பிக்கிறார். சோதித்தறியாமல் எண்ணை மட்டும் பற்றிக்கொள்வதே நாம் தவிர்க்க வேண்டியது.

பெற்றோரே, வரும் ஞாயிறு இரவு உங்கள் இல்லத்திலும் ஒரு படம் முடியும். மகனோ மகளோ ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு எழுவார்கள். அப்போது அந்த எண் சரியா தவறா என்று சொல்ல விரையாதீர்கள். "ஏன்?" என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். உடனே விடை வராமற் போகலாம். கேட்கும் வழக்கம் நிலைத்துவிட்டால், ஒருநாள் விடை வரும். அந்த விடை படத்தைப் பற்றியதாகவும் இராது.